விடைத்தாளில் போட்ட பிள்ளையார் சுழி

கும்பிட்ட சாமி கைவிடுமா என்று கலங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கலங்கியவன்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். திருச்சியில் பி.காம். கடைசி வருடப் பரீட்சை. கடைசித் தாளான கணக்குப்பதிவியலை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாடா என்று வெளியே வந்தேன். கூடப் படித்த ராமசாமி, "நல்லவேளை, பழக்கத்துல பிள்ளையார் சுழி போட்டுருவோமோன்னு பயந்துக்கிட்டே எழுதுனேன்டா, போடல" என்றான்.

நான் போட்டிருந்தேன்.

விடைத்தாளில் பரீட்சை நம்பரைத் தவிர பெயரோ சாமி அடையாளமோ இருக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மார்க் கேட்டுப் போட்ட அடையாளம் என்று தாளையே தள்ளிவிடுவார்களாம். மற்ற தாள்களில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். கணக்கு என்றதும் கை தானாகப் போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே 'உ' போடாமல் பேனா நகராது. திரும்ப ஓடினேன். "கட்டி அரக்கு வச்சாச்சு தம்பி, போங்க" என்றார் கண்காணிப்பாளர்.

கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். "பி.காமா? அதைப் படிச்சு என்னங்க ஆவப்போறான்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "ஆடிட்டர் ஆபீசுல உக்காருவான், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாஸானால் ஆனி முடிவதற்குள் வந்து சேரும்படி திருச்சியில் ஒரு ஆடிட்டர் சொல்லியிருந்தது உண்மைதான். பெயிலானால் அந்த நாற்காலி வேறொருவனுக்குப் போய்விடும்.

ஊருக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் கண்மாய்க்கரைப் பிள்ளையாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தோப்புக்கரணம் போடுவேன். சண்டையும் போடுவேன். "உனக்குப் போட்ட சுழிதானே? திருத்துகிறவர் கண்ணுக்கு அதை மறைத்துவிடு!" கேட்கக் கேட்கப் பயம்தான் கூடியது. "மொகம் ஏன்டா இப்புடி வத்திப்போச்சு?" என்று அம்மா கேட்டால், வெயில் என்பேன்.

ஆனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, தோப்புக்கரணத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அழுதுவிட்டேன். "அப்பனே, மறைக்க வேண்டாம். வீட்டில் சொல்லத் தைரியம் கொடு, போதும்" என்றேன். அப்படிக் கேட்க அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நேரே கடலைக் கொல்லைக்குப் போனேன். அப்பா களை வெட்டிக்கொண்டிருந்தார். கோபக்காரர். கையில் களைக்கொத்து வேறு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். பிறகு, "அடக் கிறுக்குப் பயலே! இதுக்கா ரெண்டு மாசமா எழவு வீட்டுக்காரன் மாதிரி திரிஞ்ச? போனாப் போவுது, மறுக்கா எழுது. அந்த ஆபீசு இல்லாட்டி இன்னொரு ஆபீசு. ஒன்னையத் தொலைச்சிட்டு நான் எங்கிட்டுப் போயித் தேடுவேன்?" என்றார். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. பஸ்ஸில் வந்த பேப்பரில் என் நம்பர் இருந்தது. ஐயா, இருந்தது! திருத்தியவர் சுழியைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா, இன்றுவரை தெரியாது. அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். ஆனி கடைசியில் வேலையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எந்தப் பயத்தையும் வீட்டாரிடம் நான் ஒளித்ததில்லை.

உங்களில் யாராவது எதையாவது மனசுக்குள் பூட்டிக்கொண்டு புழுங்கினால், சாமியிடம் தைரியம் கேளுங்கள். கட்டாயம் கொடுக்கும். எனக்கான பதில், ரிசல்ட்டுக்குப் பத்து நாள் முன்னாலேயே கடலைக் கொல்லையில் கிடைத்துவிட்டது, என் அப்பா வாயால்.