காது கேட்கிற துணை

என் நாத்தனாரை வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்க அவள் குனிந்து குனிந்து நுழைவதைப் பார்த்தால், வீட்டுக்கே வணக்கம் வைக்கிற மாதிரி இருக்கும். எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சொன்ன விதத்தில் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் இந்தப் பக்கம் கொடுத்தால், காய்ந்து சுருக்கம் நீங்கி அந்தப் பக்கம் வரும். கொடுக்கிற பக்கம் நிற்பவள் நெட்டை. சாப்பாட்டு டப்பாவை மறந்துபோன ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே எங்கு பார்த்தாலும் ஆவி. அதற்குள் வெள்ளை வெள்ளையாய்த் துணிகள் மேகம் நகர்வது போல நகர்ந்தன. இயந்திரச் சத்தத்தில் எனக்கு நெஞ்சே அதிர்ந்தது. அவளோ அத்தனைக்கும் நடுவில் யாருக்காகவோ வேண்டிக்கொள்கிறவள் போல அமைதியாக நின்றிருந்தாள். அந்தச் சத்தம்தான் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, முகத்துக்கு நேரே நின்று, "எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"பஞ்சுக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கு அண்ணி. ஒண்ணும் மோசமில்ல. அண்ணனோட குறட்டை இப்ப மாடிக்கு வர்றதில்ல."

காதில் வைக்கிற கருவி வாங்கினாள். வீட்டுக்குள் அது கொஞ்சம் உதவியது. வெளியே காற்றின் இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று, ஓடப் போகும்போது கழற்றி வைத்துவிடுவாள்.

ஓட்டம் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவளுக்கு அதுதான் உயிர். விடிவதற்கு முன் கிளம்புவாள். பாலம் வரைக்கும் வண்டிகள் ஓடுகிற சாலை. பாலம் தாண்டினால் வாய்க்கால் கரை, மனிதர் நடக்கிற அகலம்தான். கரை முடிகிற இடத்தில் ஏரி. ஏரித் தண்ணீரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள். பந்தயமும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

"எதுக்குடி இவ்வளவு தூரம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"பாதி தூரம் தாண்டினா கால் இருக்கறதே தெரியாது அண்ணி. நான் போறேனா, கரை போகுதான்னு தெரியாது."

இதைச் சொல்லும்போது அவள் கண் வேறு எங்கோ இருக்கும். எத்தனையோ நாள் பிரார்த்தனையில் கண்மூடி உட்கார்ந்து, எப்போதாவது ஒரு நொடி எனக்குக் கிடைக்கிற ஒன்று, இவளுக்கு நாள்தோறும் காலில் கிடைக்கிறது. ஆண்டவன் யாருக்கு எதில் வைத்திருக்கிறான் என்று நமக்கென்ன தெரியும்.

ஒரு நாள் காலையில் பால் வண்டி அவளை உரசிக்கொண்டு போய் நின்றது. ஓட்டுநர் தூரத்திலிருந்தே ஒலி எழுப்பியிருக்கிறார். இவள் பஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர் நடந்ததைச் சொல்லக் கேட்டு என் வீட்டுக்காரர் பயந்துபோனார். குழாய் வேலை பார்ப்பவர் அவர். யாரையும் அதட்டத் தெரியாதவர்.

"போதும் நெட்டை. இனிமே ஓட வேணாம்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே இறங்கி வந்தார்.

"சரி, ஓடு. ஆனா காது கேக்கற துணை ஒண்ணு கூட இருக்கணும். அண்ணி தலைல கை வச்சு சொல்லு."

அவள் என் தலையில் கை வைத்து, "காது கேக்கற துணை இல்லாம ஓட மாட்டேன்" என்றாள். கை சில்லென்று இருந்தது. எனக்கு வாக்கு என்றால் வாக்குதான். என் தலையில் வைத்த வாக்கு வேறு.

கூட ஓட ஆளுக்கு எங்கே போவது? அப்படித்தான் நாய் வளர்க்கலாம் என்ற பேச்சு வந்தது. மூன்று பேருமாக நாய் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தோம்.

"பெருசா, உறுமற நாயா சொல்லுங்க டாக்டரம்மா" என்றார் இவர்.

"உங்க தங்கச்சி ஓடப் போறாங்களா, திருடனைப் பிடிக்கப் போறாங்களா?" என்றார் அவர். பிறகு பொறுமையாகச் சொன்னார். பெரிய உடம்புக்காரன் வேண்டாம், மூட்டு போய்விடும். சப்பை மூக்குக்காரனுக்கு மூச்சு வாங்கும். சடை நாய் சூட்டில் சுருண்டுவிடும். ஒட்டின வயிறு வேட்டை நாய் மின்னல் மாதிரி கொஞ்ச தூரம் பறக்கும், அப்புறம் நாளெல்லாம் மெத்தை தேடும்.

"அப்ப உங்கண்ணன் ஜாதி அது" என்று நெட்டையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

குட்டியும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. எலும்பு முற்றாத குட்டியைத் தூரம் ஓட்டினால் பாவம். வளர்ந்ததாக, நடுத்தர உடம்பாக, குட்டை முடியாக, ஒரே சீராக ஓடுகிறதாகப் பாருங்கள் என்று சொல்லி, சுவரில் இருந்த படத்தில் புள்ளி நாயைக் காட்டினார். அந்தக் காலத்தில் குதிரை வண்டிகளுக்குப் பக்கத்திலேயே ஓடிப் பழகின ஜாதியாம். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டால் போதும், வண்டி வரும்போது நாய் காதைத் தூக்கி ஓரம் இழுக்கும், உங்களுக்குத் தெரிந்துவிடும் என்றார். நெட்டை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பில் யாரோ மையைத் தெளித்தது போல இருந்தது அந்த நாய்.

ஊருக்கு வெளியே நாய் வளர்க்கிறவர் ஒருவர் இருந்தார். தோட்டம் முழுக்கப் புள்ளிகளாக ஓடின. வளர்ந்தும் யாரும் எடுத்துப் போகாத ஒன்று, மற்றவை எல்லாம் எங்களைப் பார்த்துக் குரைத்தபோது குரைக்காமல், நேராக வந்து நெட்டையின் முகத்தையே நிமிர்ந்து பார்த்தது. அவள் கை நீட்டினாள். தீர்ந்தது விஷயம்.

இவர் மட்டும் விடவில்லை. "காது நல்லா கேக்குமா?"

"இதென்ன கேள்வி சார்" என்று வளர்த்தவர் நாய்களுக்குப் பின்னால் போய்ப் படபடவென்று கை தட்டினார். எல்லா நாய்களும் திரும்பின. இதுவும் திரும்பியது. இவருக்குத் திருப்தி. அதற்குப் புள்ளி என்றே பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இடத்துக்குப் பழகட்டும், அப்புறம் ஓடலாம் என்று விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பின்வாசல் படியில் நெட்டையும் புள்ளியும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய அண்டாவின் மூடி கை நழுவிக் கீழே விழுந்து, தரையெல்லாம் உருண்டு, சுற்றிச் சுற்றி ஒருவழியாக ஓய்ந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "என்னாச்சு அக்கா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

படியில் இருந்த இரண்டு பேரும் திரும்பவில்லை.

ஒரு மேகம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தலையும் அதன் கூடவே சாய்ந்தன. நான் மூடியை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டேன். புள்ளியின் காது நுனிகூட அசையவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் மற்ற நாய்கள் திரும்பியதைப் பார்த்துத்தான் இதுவும் திரும்பியிருக்கிறது. வளர்த்தவருக்கே தெரிந்திருக்காது.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடவுளே, இத்தனை நாய் இருந்த இடத்தில் எங்கள் கை இதன்மேலா போக வேண்டும் என்று நின்றேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்த ஜாதியில சிலது பிறவியிலேயே இப்படி இருக்கும். சோதிச்சு எடுங்கன்னு சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு" என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர், "குடுத்தவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம். காது கேக்கறதா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார்.

நெட்டை அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என்னையும் திருப்பிக் குடுத்துருவியாண்ணே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

இவர் எழுந்து போய், ஒழுகாத குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

நாய் தங்கிவிட்டது. ஓட்டம் நின்றது. வாக்கு வாக்குதானே. விடியலில் பழக்க தோஷத்தில் எழுந்து, ஷூவைப் போட்டுக்கொண்டு, வாசலில் புள்ளியோடு உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போவாள். சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரம்மா என்னைக் கடையில் பார்த்தபோது, "உங்க நாத்தனாருக்கு என்னங்க? விரிப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறா" என்றாள். அந்த ஆவிக்குள் அவளே ஒரு விரிப்பாகிக் கரைந்துபோவது போல எனக்கு ஒரு கனவுகூட வந்தது.

அன்று ராத்திரி பிரார்த்தனையில் உட்கார்ந்தவள், அவளுக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன். சாலையில் ஒரு வண்டி போகிற சத்தம்தான் கேட்டது. எங்கோ தொலைவில் ஆரம்பித்து, நெருங்கி, வாசலைத் தாண்டிப் போயிற்று. முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"எனக்குக் காது நல்லா கேக்குது" என்று இவரை எழுப்பிச் சொன்னேன்.

"அதான் தெரியுமே. எதிர்வீட்டு சண்டை பூரா உனக்குத்தான் முதல்ல கேக்கும்."

"நான் துணைக்குப் போறேன்."

இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஓடுவியா?"

"யாரு ஓடறதாச் சொன்னா? சைக்கிள் இருக்குல்ல."

சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. இவர் தன்னுடைய பழைய சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குடம் மாதிரி ஒரு மணியை மாட்டினார். "ரெண்டுக்கும் காது கேக்காது. யாருக்கு அடிக்க இந்த மணி?" என்று கேட்டேன். "ரோட்டுல வர்றவங்களுக்கு. நீ வர்றது தெரிஞ்சா அவங்களே ஒதுங்கிக்குவாங்க" என்றார்.

நெட்டைக்கும் புள்ளிக்கும் விளக்குதான் பேச்சு. முன்னால் அவர்கள் ஓட, பின்னால் என் சைக்கிள் விளக்கு வெளிச்சம் சாலையில் அவர்கள் காலடிவரை விழும். பின்னால் வண்டி வருகிற சத்தம் கேட்டதும் நான் கையால் விளக்கை மூடுவேன். வெளிச்சம் போனதும் புள்ளி வாரை இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போகும். டாக்டரம்மா சொன்னபடி தெருவிலேயே தின்பண்டம் கொடுத்துப் பழக்கினோம். புள்ளி சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கையால் சைக்கிள் விட நான்தான் நாளாக்கினேன். விழுந்த கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

முதல் நாள் பனி. நெட்டையின் நீளக் கால்களும் அந்த மைத் தெளிப்பும் என் வெளிச்சத்துக்குள் ஒன்றாக அசைந்தன. பின்னால் பால் வண்டியின் உறுமல் கேட்டது. விளக்கை மூடினேன். இருட்டில் இரண்டு உருவமும் தண்ணீர் ஒதுங்குவது போல ஓரம் ஒதுங்கின. வண்டி மெதுவாக எங்களைத் தாண்டியது. ஓட்டுநர் கை அசைத்தார்.

பாலத்தில் நான் நின்றுவிட்டேன். அதற்கப்பால் வண்டி கிடையாது, என் காதுக்கு வேலையும் கிடையாது. "போயிட்டு வா" என்று கை காட்டினேன். வாய்க்கால் கரையில் பனி அவர்களை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் சொன்னேன். தண்ணீர் ஓடுவதைக் கேட்டேன், ஒரு பறவையைக் கேட்டேன். இத்தனை வயதில் சும்மா உட்கார்ந்து கேட்டதே இல்லை என்று தோன்றியது.

நன்றாக விடிந்த பிறகு, ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்தது. அப்புறம் பனிக்குள்ளிருந்து புள்ளிகள் மட்டும் வந்தன. அப்புறம் நாய். அப்புறம் அவள். ஏரித் தண்ணீரைத் தொட்ட கை இன்னும் ஈரமாக இருக்கிற மாதிரி விரல்களை விரித்து வைத்திருந்தாள். எத்தனையோ வாரமாக நான் காணாத முகம்.

புள்ளிக்குக் குழித்த கையில் தண்ணீர் ஊற்றியபடி, "நாங்க வர்ற சத்தம் கேட்டுச்சா அண்ணி?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

முகத்துக்கு நேரே நின்றுகொண்டேன். "நீங்க சலவைக்கூடத்துல துணியை உதறுவீங்கல்ல, ரெண்டு பேரா ரெண்டு முனையப் பிடிச்சு. அந்த மாதிரி. உன் கால் ஒரு தடவை, அது கால் தடதடன்னு, திரும்ப உன் கால்."

"ரெண்டும் ஒண்ணா விழுதா, மாறி விழுதா?"

"மாறி விழுது. ஆனா சேர்ந்து வருது."

அவள் வாரை இடுப்பில் சரிசெய்துகொண்டு, சைக்கிளைக் காட்டினாள்.

"ஏறுங்க அண்ணி. வேலைக்கு நேரமாச்சு."