ஐந்தாவது ஜன்னல், வலது கன்னம்

என் கையில் ஒரு துணி இருந்தது. துணியில் ஒரு மனிதனின் கன்னம் இருந்தது.

மதியம் பன்னிரண்டு பத்து. ஸ்டுடியோவில் என்னைத் தவிர யாரும் இல்லை. மூன்று மணிக்கு அந்த ஓவியத்தை ஏற்றிக்கொண்டு போக வண்டி வரும். டெல்லியில் ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. வரைந்தவர் எங்கள் பேராசிரியர் நிவேதா மேடம். வரைய அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. துடைக்க எனக்கு நாலு செகண்ட்.

பெயின்ட் ஷாப்பில் இன்னும் வேலை பார்க்கும் தம்பிகள் சிலர் போன் செய்து, "அண்ணே, நானும் உங்கள மாதிரி ஆர்ட் காலேஜ்ல சேரலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாகச் சேருங்கள். முதலில் சட்டைப் பையில் இருக்கும் மார்க்கிங் பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

1. தலையாட்டி உத்தியோகம்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி. பெயின்ட் ஷாப்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். இருபத்திரண்டு வருஷம். குகை மாதிரி வரிசையாக டியூப்லைட் எரியும். அதற்குள் கார் பாடி ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் வளைகிற இடத்தில் தூசி, ஒழுகல், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு எல்லாம் கண்ணில் படும். பட்டால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் வட்டம். கார்டில் ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அடுத்த ஸ்டேஷனில் தேய்த்து, பாலிஷ் போட்டு, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் ஆக்கிவிடுவார்கள்.

இந்தத் தலையாட்டல் வெளியேயும் தொற்றிக்கொண்டது. "கல்யாண வூட்ல பொண்ணு மூஞ்சியப் பாத்து தலைய ஆட்டாதய்யா, அவங்க தப்பா நினைச்சுக்கப் போறாங்க" என்று என் மனைவி மண்டப வாசலிலேயே எச்சரிப்பாள்.

பிறகு கேமரா வைத்த ரோபோ வந்தது. அதற்குத் தலையே இல்லை, ஆட்டவும் வேண்டாம். "உங்க அனுபவம் எங்களுக்குப் பெரிய சொத்து சார்" என்றார் எச்.ஆர். அந்தச் சொத்தை நானே வீட்டுக்கு எடுத்துப்போகும்படி செட்டில்மென்ட் பேப்பரையும் நீட்டினார். என்னோடு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைப்பாக்கம் பக்கம் மனை விற்கப் போனார்கள். மீதிப் பேர் அந்த மனைகளை வாங்கினார்கள். நான் பி.எஃப்.ஏ. ஓவியம் படிக்கச் சேர்ந்தேன்.

"இருபத்திரண்டு வருஷம் பெயின்ட்ட முறைச்சது பத்தலையா?" என்றாள் மனைவி.

2. ரிஜெக்ட் ஆன பல்லவர்கள்

படப்பை பக்கம் ஒரு கல்லூரி. மெக்கானிக்கலுக்கு ஆள் சேராததால் ஒர்க்‌ஷாப்பைச் சுண்ணாம்பு அடித்து ஆர்ட் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். லேத் மிஷினை நகர்த்தச் செலவாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். முதல் செமஸ்டர் முழுக்க ஸ்டில் லைஃப் என்ற பெயரில் அந்த லேத்தைத்தான் வரைந்தோம். என் படம் மட்டும் சர்வீஸ் மேனுவலில் இருந்து கிழித்தது மாதிரி இருந்தது.

முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். குன்றத்தூர்ப் பெண் ரம்யா திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், ஃபீஸ் கட்ற எடம் கீழ கீது. பொண்ணு எந்த இயர்?"

"நான்தாம்மா ஃபர்ஸ்ட் இயர்."

அவள் பக்கத்திலிருந்தவளிடம், "டீ, நம்ம பேட்ச்சுக்கு ஒரு பெத்த கை வந்துகீது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அங்கிள் என்பதே பதிவேட்டுப் பெயர்.

நிவேதா மேடத்துக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. காலையில் ஸ்டுடியோ, மதியம் கலை வரலாறு, இரண்டும் அவர்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பழைய கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போனார். சுவர் மாடங்களில் பல்லவர் காலத்து ஓவியம் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததை எழுதச் சொன்னார். மற்றவர்கள் காலம், கோடு, மௌனம் என்று எழுதினார்கள். என் நோட்டில் இருந்தது: "பெயின்ட் உரிந்து பீலிங், எண்பது சதவீதம். அடிப்பூச்சு சரியில்லை. ரிஜெக்ட்."

மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒரு பாடம் நடத்தினார்: பழைய ஓவியத்தைச் சரிசெய்தால் சேர்த்த இடம் தூரத்திலிருந்து உறுத்தக் கூடாது, ஆனால் கிட்ட வந்து பார்த்தால் இது பின்னால் வந்தவன் வேலை என்று தெரிய வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், ரிப்பேர் பண்ண எடம் தெரிஞ்சா எங்க லைன்ல மெமோ குடுப்பாங்க."

"அது கார் சார். இது ஒருத்தர் கைவேலை."

கார் மட்டும் காலால் செய்ததா என்று கேட்க வாய் வந்தது. இன்டர்னல் மார்க் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

3. வட்டம்

அந்த ஓவியம் ஆறடி நீளம். கம்பெனி பஸ் ஒன்று, பக்கவாட்டில். நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் திரும்புகிற பஸ். ஜன்னலுக்கு ஒரு தலை. எல்லாத் தலையும் கண்ணாடியில் சாய்ந்து தூங்கும். வாலாஜாபாத் ரோட்டில் தினமும் பார்க்கிற காட்சிதான். நானே அப்படி எச்சில் ஒழுகத் தூங்கிப் போனவன்தான். அதனாலேயே அதை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வண்டிக்கான பேப்பர்களைப் பிரின்ட் எடுக்க மேடம் ஆபீஸுக்குக் கிளம்பினார். "பாத்துக்கோங்க சார். யாரும் தொட்டுடப் போறாங்க" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனார். பாலுக்குப் பூனை காவல்.

பார்த்துக்கொண்டிருந்தேன். தலை தானாக ஆடியது. ஐந்தாவது ஜன்னல் ஆளின் வலது கன்னத்தில் ஒரு சின்ன மேடு. டஸ்ட்! கை சட்டைப் பைக்குப் போனது, பென்சில் வந்தது, வட்டம் விழுந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான் மூளை வேலைக்கு வந்து கார்டு பஞ்ச் பண்ணியது.

பேராசிரியரின் ஓவியத்தில் மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறேன்.

சரி, துடைத்துவிடலாம். துணியில் இரண்டு சொட்டு தின்னர். எங்கள் கம்பெனியில் பெயின்ட் அடித்தால் ஓவனுக்குள் போய் இருபது நிமிஷத்தில் கல் மாதிரி வெளியே வரும். தின்னருக்கெல்லாம் அசையாது. ஆயில் கலர் காய மாதக்கணக்கில் ஆகும் என்று மேடம் நடத்திய வகுப்பில் நான் இருந்தேன், நோட்ஸ்கூட எடுத்தேன். கை அந்த வகுப்புக்கு வரவில்லை. துடைத்தேன். வட்டம் போனது. மேடு போனது. கன்னமும் சேர்ந்து வந்தது.

பல்லி மேல் பழி போடலாமா என்று சுவரைப் பார்த்தேன். தினமும் மூன்று இருக்கும். அன்று ஒன்றும் இல்லை. மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் ஓவியத்தின் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு இடம்தான் இருந்தது.

அப்போது ரம்யா உள்ளே வந்தாள்.

"அங்கிள்... இன்னா பண்ணிக்கினு கீறீங்க? அந்தாளு கன்னம் எங்க?"

துணியைக் காட்டினேன்.

"ஐயோ! மேடம் கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும்மா. அதுக்கு முன்னாடி கலர் மேட்ச் பண்ணணும். அந்தக் கலர் கலக்குற பலகைய எடு."

"நான் இங்க வர்ல. எதையும் பாக்கல. எனக்கு இன்டர்னல் மார்க் வோணும்." சொன்ன வேகத்தில் போய்விட்டாள். எச்.ஆர். வேலைக்கு நல்ல தகுதி.

லேத்தை ஒழுங்காக வரையத் தெரியாத எனக்கு ஒரு வித்தை தெரியும்: கலர் மேட்சிங். ஒரே வெள்ளையில் ஏழு வெள்ளை பார்த்த கண். மேடத்தின் பலகையிலேயே கலந்தேன். மஞ்சளில் துளி சிவப்பு, துளி நீலம், டியூப்லைட் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் சாம்பல். முக்கால் மணி நேரம். மூன்றடியில் நின்று பார்த்தேன், ஓகே. ஒரு அடியில் தலையை ஆட்டிப் பார்த்தேன், ஓகே. என் சர்வீஸிலேயே இப்படி ஒரு ரீவொர்க் பார்த்ததில்லை. கொஞ்சம் கர்வமும் வந்தது. வெட்கக்கேடு அதுதான்.

4. மூன்றாவது கேள்வி

மேடமும் வண்டியும் ஒன்றாக வந்தார்கள். பேக்கிங் ஆள் ஏழுமலை, வழக்கமாக கியர்பாக்ஸ் பேக் பண்ணுகிறவர். முன்பக்கம் எதுவும் படாதபடி இடைவெளி விட்டுப் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார். மேடம் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

"கண்டிஷன் ரிப்போர்ட் சார். அனுப்பறதுக்கு முன்னாடி படம் எப்படி இருக்குன்னு எழுதணும். நீங்கதான் இன்ஸ்பெக்டராச்சே. பாத்து ஃபில் பண்ணி சைன் போட்டுக் குடுங்க."

நாலு கேள்வி. கீறல் உண்டா? இல்லை. கறை உண்டா? இல்லை. மூன்றாவது: எங்காவது சரிசெய்யப்பட்டுள்ளதா? நாலாவது, பார்வையிட்டவர் கையெழுத்து.

மூன்றாவதில் பேனா நின்றது. லைனில் நான் அரிச்சந்திரன் இல்லை. மாதக் கடைசியில் மேனேஜர் வந்து, "பாஸ் பண்ணுய்யா, வாங்கறவன் லென்ஸ் வச்சா பாக்கப் போறான்?" என்பார். பாஸ் பண்ணுவேன். ஆனால் கார்டில் எழுதிவிட்டுத்தான். எழுதாமல் ஒரு பாடிகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் மிச்சமிருந்த மானம் அது ஒன்றுதான். போயும் போயும் டெல்லிக்குப் போகிற ஒரு தாளில் அதைத் தொலைக்க வேண்டுமா?

"இன்னா சாரே, ஆவுமா ஆவாதா? வண்டி வெயிட்டிங்ல கீது" என்றார் ஏழுமலை.

எழுதினேன்: "ஐந்தாவது ஜன்னல், வலது கன்னம். டஸ்ட் என நினைத்துத் துடைத்து, மீண்டும் பூசப்பட்டது. இன்று மதியம். செய்தவர்: வேலாயுதம், மாணவர்."

மேடம் படித்தார். போனை வைத்தார். ஓவியத்துக்கு மிக அருகில் போய் நின்றார். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"சார். அது டஸ்ட் இல்ல."

"மேடம்..."

"மரு. எங்க அப்பாவோட மரு."

லேத் மிஷினைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை வருஷ ஓவியத்தில் பேராசிரியரின் அப்பாவைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேலட் நைஃபை எடுத்து, என் முக்கால் மணி நேரத்தை ஒரே இழுப்பில் வழித்தார். அப்புறம் வீடியோ கால் போட்டார். போனை என் கையில் திணித்து, "ஆடாமப் புடிங்க. உங்க தலையும் ஆடக் கூடாது" என்றார்.

திரையில் பனியனோடு ஒரு பெரியவர். "இன்னாம்மா, சாப்ட்டியா?"

"அப்பா, பேசாத. சுவத்துல சாஞ்சு கண்ண மூடு. வலது பக்கம் காட்டு."

"யாரும்மா பக்கத்துல?"

"உன் மருவ அழிச்சவரு."

"அட! ஆஸ்பத்திரி போயி எடுத்துக்கோன்னு நீயும் பத்து வருஷமா சொல்ற, நான் மாட்டேன்னுகினு கீறேன். அவரு வலிக்காம எட்த்துட்டாரே!"

"அப்பா!"

பெரியவர் கண்ணை மூடினார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது. முப்பது வருஷ நைட் ஷிஃப்ட் பழக்கம். மேடம் வரைந்தார். கன்னத்தில் அவர் வைத்தது என் கலர் மாதிரி இல்லை. தனித்தனியாகப் பச்சை, செங்கல், அழுக்கு மஞ்சள். கிட்டத்தில் பார்த்தால் ரிஜெக்ட். நாலடி பின்னால் வந்து பார்த்தால், இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கிறது, எழுப்பாதீர்கள் என்று சொல்கிற முகம். நான் பூசிய கன்னமும் நல்ல கன்னம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டிருந்த ஆள் ஷிஃப்டுக்குப் போகவில்லை, லீவில் இருந்தான்.

கடைசியாக மருவை வைத்தார். மூன்று ஐம்பதுக்குப் பெட்டி மூடப்பட்டது.

"வேற தாள்ல எழுதித் தரட்டுமா மேடம்?" என்றேன்.

"எதுக்கு? நடந்ததைத்தானே எழுதியிருக்கீங்க?" என் வரிக்குக் கீழே, "மீண்டும் வரைந்தவர்: ஓவியர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மெட்டீரியல்ஸ் பேப்பர்ல உங்களுக்கு இன்டர்னல் ஜீரோ சார். அடுத்த வருஷம் மறுபடி வந்து உக்காருங்க."

ஆக, நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு அரியர். மனைவி சொந்தக்காரர்களிடம் எனக்கு சுகர் என்று சொல்லியிருக்கிறாள், அரியரைவிட அது கௌரவமாம்.

தம்பிகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஈரத்தைத் தொடாதே. தொட்டுவிட்டால் எழுது. எவ்வளவு நன்றாக மறைத்திருந்தாலும் எழுது. நன்றாக மறைத்திருந்தால் கட்டாயம் எழுது.

மூன்று மாதம் கழித்து ஓவியம் திரும்பி வந்தது. கூடவே அந்தத் தாளும். ரம்யாதான் எடுத்து வந்து கொடுத்தாள். "அங்கிள், நம்ம பேட்ச்லயே டெல்லி எக்ஸிபிஷனுக்கு மொதல்ல போனது உங்க பேருதான்" என்றாள். போயிருந்தது, பழுது பத்தியில். என் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். டெல்லியில் யாரோ ஒருவர் ஐந்தாவது ஜன்னலுக்கு எதிரே நின்று, தலையை இடமும் வலமும் ஆட்டி, சரிபார்த்திருக்கிறார்.