மைக்கில் சொன்ன சாட்சி

“அந்த அக்கா என்னை ஏம்மா கீழ போட்டாங்க?” என்று என் நான்கு வயது மகன் கேட்கிறான். இடது புருவத்தின் தழும்பைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். அக்கா கீழே போட்டார் என்பது எங்கள் வீட்டில் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கும் கதை. உண்மையில் அன்று அவனைக் கட்டிலில் தனியே விட்டது நான்தான்.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜீவனஹள்ளியிலிருந்து வந்தவர் அக்கா. எங்கள் சபைதான், மாலை ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருவார். மகனுக்கு அப்போது பத்து மாதம். நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்துகொண்டிருந்தேன். தூறல் விழுந்ததால் மொட்டைமாடித் துணிகளை எடுத்துவர அக்காவை அனுப்பினேன். ஒரு மெயிலுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் அவன் உருண்டு விழுந்து, மேசை முனையில் பட்டுப் புருவம் கிழிந்துவிட்டது. மாமியார் ஓடிவந்து, “யாரு பாத்துட்டு இருந்தது?” என்றார். “அக்காதான்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. அக்கா ஈரத்துணிகளைத் தோளில் போட்டபடி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார்.

தையல் பிரித்த வாரம், கர்த்தர் செய்த நன்மையைச் சபையார் முன் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லும்படி மாமியார் சொன்னார். மைக்கைப் பிடித்து, கவனமில்லாத கைகளிலிருந்து என் பிள்ளையைக் கர்த்தர் காப்பாற்றினார் என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்காவும் அங்கே இருந்தார். வெளியே வரும்போது, “புள்ளைக்கு தையல் பிரிச்சாச்சா மேடம்?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் சபைக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அவரைக் குழந்தை பார்க்கக் கூப்பிடவும் இல்லை.

ஒவ்வொரு வாரமும் பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து சொல்கிறேன். எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போது அது வலிப்பதே இல்லை. போன மாதம் போதகரிடம் தனியாகச் சொன்னேன். “ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. குடும்பத்துல குழப்பம் வேணாம், இதோட விடுங்க” என்றார். நிம்மதி வரவில்லை. ஜீவனஹள்ளிக்குப் போனேன். அக்கா இப்போது ஒரு துணி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாராம். நான் அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை பீன்ஸ் நறுக்குவதை அவர் நிறுத்தவில்லை.

“ஏசப்பா மன்னிச்சிட்டாரு, பாஸ்டரு மன்னிச்சிட்டாரு. என்கிட்ட இன்னும் இன்னா மேடம் வேணும்?”

“நீங்களும் மன்னிக்கணும்க்கா.”

“உங்க மாமியார்கிட்ட சொன்னீங்களா?”

நான் தரையில் கிடந்த பீன்ஸ் காம்புகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“மைக்ல சொன்னீங்க இல்ல, மைக்லயே சொல்லுங்க. அப்பால வாங்க, டீ போட்டுத் தரேன்.”

அதன்பின் மூன்று ஞாயிறுகள் போய்விட்டன. சாட்சி நேரம் வரும்போது நான் எழுந்திருப்பதில்லை. நற்கருணை எடுக்கவும் போவதில்லை. கணவரிடம் தலைவலி என்கிறேன். அதுவும் பொய். உண்மையைச் சொன்னால் மாமியார் இனி பிள்ளையை என்னை நம்பி விடுவாரா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்னை நம்பி நானே அவனை விடமுடியுமா என்றும் தெரியவில்லை.

மகன் ஆராதனையில் என் மடியில்தான் உட்கார்ந்திருப்பான். அவனிடம் முதலில் தனியாகச் சொல்லவா, அல்லது சபையோடு சேர்ந்து அவனும் கேட்கட்டுமா? நான்கு வயதுக்குப் புரியும்படி இதை எந்த வார்த்தைகளில் சொல்வது? இப்படி எழுந்து நின்று சொன்னவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சொல் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த யோசனை எனக்கே வந்துவிட்டது.