யூனுஸ் பாயிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை

உக்கடத்தில் பழைய டயர்க்கடை வைத்திருந்த யூனுஸ் பாய்க்குச் சண்டை போடாமல் சோறு இறங்காது. குழம்பில் உப்பு கம்மி என்பார். "கோளாறு உங்க நாக்குலீங்க" என்று சித்திகா சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். முப்பது வருசக் குடித்தனம் அப்படித்தான் ஜோராக ஓடியது.

தொண்ணூற்றெட்டில் வயிற்றுவலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கிப் புடைத்திருக்கிறதாம். வெடித்தால் ஆள் மிஞ்சமாட்டார். வயிற்றைத் திறந்து சரிசெய்யலாமென்றால், பீடி தின்ற நுரையீரலும் ஒருமுறை மக்கர் பண்ணிய இதயமும் மயக்க மருந்தைத் தாங்காது. தொடை இடுக்கு வழியாகத் துணிக்குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி விரிக்கும் புது முறைதான் கதி. அந்தக் குழாய் அவர் அளவுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். "அதுவரைக்கும் பிரஷர் ஏறக் கூடாது. அவரைக் கோபப்படுத்தாதீங்கம்மா" என்று டாக்டர் சித்திகாவிடம் சொல்லிவிட்டார்.

போச்சு போங்க! அவள் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

புடைத்த டயர் என்ன ஆகுமென்று பாய்க்குத் தெரியாதா? அந்தப் பயத்தைக் கத்தித் தீர்க்கலாமென்றால் எதிரே ஆளில்லை. பேரம் பேசியே உயிரை வாங்கும் லாரிக்காரர்கள்கூடப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். "உங்கொப்பன் ஊட்டுக்குப் போ!" என்று சித்திகாவிடம் கத்திப் பார்த்தார். "சரிங்க" என்று வெந்நீர் வைக்கப் போனாள். பிணத்துக்குச் சுற்றும் கபன் துணியை உயிரோடு சுற்றிவிட்டார்களே என்று கட்டிலில் கிடந்து பொருமினார்.

குழாய் வந்தது. முதுகில் மரப்பு ஊசி மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே வேலையை முடித்தார்கள். மேசையில் கிடந்தபடி அவர் அல்லாவிடம் கேட்டது ஒன்றுதான்: ஊட்டுக்குப் போனதும் அவளோடு ஒரு நல்ல சண்டை.

வீடு வந்து தெம்பானதும் ஆரம்பித்தார். "நாளைக்கே கடைக்குப் போயி லாரி டயரு தூக்கப்போறேன்!"

சித்திகா வெந்நீர்ச் செம்பை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஏண்டி, வாய்ல கொழுக்கட்டையா? அதான் நல்லாயிருச்சுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரல்ல, திட்டேன்!"

"அந்தக் குழாய் கசியுதான்னு வருசா வருசம் பாக்கோணும்னும் சொன்னாருங்க. திட்டத்தானுங்க ஆசையா இருக்குது. நான் ஒரு வார்த்தை சொல்லி, உள்ள வெடிச்சுப்போச்சுன்னா... எனக்கு வாயே வரமாட்டேங்குதுங்க."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அவர் அவளிடம் குரலை உயர்த்தவே இல்லை.

ஆபரேஷனுக்கப்புறம் பாய் தங்கமான மனுசனாயிட்டாருங்க என்று உக்கடமே மெச்சியது. அவரும் சிரித்துவைத்தார்.