முதல் பூச்சு

“ஆனி, கடைசி வெள்ளி. முதல் பூச்சு: புளியங்கொட்டை.”

வெள்ளையடிப்பதற்காகப் பூஜை அறையிலிருந்த எண்ணெய் வண்ணப் படத்தைப் போன மாதம் கழற்றியபோது, சட்டத்தின் பின்கட்டையில் அக்காவின் பென்சில் எழுத்து இப்படி இருந்தது. வருடம் போடவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது என்பதை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. துணியின் பின்புறத்தை விரலால் சுண்டினேன். பம்பையைப் போல ‘டம்’ என்றது. அந்த ஒலிதான் என்னை யோசிக்கவைத்தது.

அந்த ஆண்டு அக்கா சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்கு எண்ணெய் வண்ணப் படம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கையில் இருந்ததோ ஒரே துணி. வெறும் துணியில் எண்ணெய் இறங்கினால் நாளடைவில் நூல் மக்கிவிடும் என்பதால், முதலில் பசை பூசி, அதன்மேல் வெள்ளை பூசி, பிறகே வண்ணத்தைத் தொட வேண்டும். அவள் படித்த புத்தகம் சொன்ன பசை, தச்சர்கள் மரம் ஒட்டுகிற ‘வஜ்ஜிரம்’. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது; காய்ந்தால் துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். அம்மா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தாள். வீட்டுக்குள் ‘கவிச்சி’ நுழையக் கூடாது.

“காவடி எடுக்கிற வூட்ல தோலக் காய்ச்சுவியாடி?”

“திங்கவா போறோம்? துணிக்குத் தடவத்தாம்மா.”

“துணி தின்னா கவிச்சி இல்லியா?”

பள்ளிப்பட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்த மாமா மகன், நாங்கள் ‘பாவா’ என்று கூப்பிடுபவர், சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தார். “மயிலுக்குத் தோல் இல்லாமயா அத்தை, சாமி அதும்மேல ஏறிகினு வர்றாரு?” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “நீ காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு.”

மாற்றுப் பசையையும் அம்மாவே சொன்னாள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்சி வடிகட்டியும் கொடுத்தாள். அக்கா பூசினாள். காய்ந்ததும் சுண்டிப் பார்த்தேன். ஈரச் சாக்கைத் தட்டியது போல ‘தொப்’ என்றது. நடுவில் தொய்வு வேறு. அக்கா ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். அது பின்பக்கம் கசிந்து வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள், மூலை ஆணிகளை இறுக்க வேண்டும் என்று சொல்லி, சட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றிப் பாவாவின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது துணி வெள்ளை பூசிக் காய்ந்திருந்தது. சுண்டினேன்: ‘டம்’.

“ஆணி இறுக்கினா இப்டி ஆவுமா?”

“ஆங், ஆவும். போயி படி.”

கோயில் மலையின் படிகளையும் மேலே கோபுரத்தையும் வரைந்தாள். இடம் கிடைத்தது. அம்மா அந்த ஆடியிலும் காவடியோடு படியேறினாள். கல்லூரியிலிருந்து படம் திரும்பி வந்ததும் தானே ஆணியடித்துப் பூஜை அறையில் மாட்டி, குங்குமமும் வைத்தாள்.

இன்று பாவா இல்லை. பட்டறை இருந்த இடத்தில் ஒட்டுப்பலகைக் கடை. வஜ்ஜிரம் காய்கிற நாற்றம் அந்தத் தெருவில் இல்லை. அக்கா வெள்ளை பூசியே விற்கிற துணியை வாங்குகிறாள். அன்று பூசியது எந்தப் பசை என்று போனில் கேட்டேன். “என்னா எழுதிகீதோ அதான்” என்றாள். பின்புறம் அந்த எண்ணெய்ச் சொட்டின் கறை இருக்கிறது. ஆகவே துணி மாறவில்லை. ஓரத்தை நனைத்து முகர்ந்தால் பசை எது என்று மூக்கே சொல்லிவிடும். துடைக்கிற துணி ஒன்றை நனைத்துப் பிழிந்துகொண்டும் வந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா பார்த்துவிட்டாள். “ஈரத் துணி எதுக்கு? காஞ்சதுல தொட. இத்தினி வருசமா நா அப்டித்தான் தொடைக்கிறேன்.”

காய்ந்த துணியால் துடைத்து, படத்தை அதன் ஆணியிலேயே தொங்கவிட்டேன். முதல் பூச்சு புளியங்கொட்டை என்ற குறிப்பு இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.