அமெரிக்காவுக்குப் போகாத விபூதி

பெரியம்மா அமெரிக்காவுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் விபூதி வைக்காமல் விட்டதில்லை. பெரியப்பா இறந்த பிறகு அவள் தச்சநல்லூரில் எங்கள் வீட்டோடு இருந்தாள். அவளுடைய ஒரே மகன், எங்கள் அண்ணன், கம்ப்யூட்டர் வேலைக்கு அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒரு கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முடிந்ததும் கோயில் விபூதியை ஒரு கை அள்ளி, நாட்காட்டித் தாளில் மடித்து உறைக்குள் வைப்பாள். கடல் தாண்டிப் போவதால் அளவு தாராளமாகவே இருக்கும். தபால் நிலையத்துக் கிண்ணத்துப் பசையால் உறையை ஒட்டிப் பெட்டியில் போடுவதும் என் வேலை. எனக்கு ஒன்பது வயது.

2001 மழைக்காலத்தில் அங்கே யாரோ தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பொடியாக வைத்து அனுப்பினார்கள். சிலர் செத்துப்போனார்கள். அப்பா சரித்திர ஆசிரியர். செய்தித்தாளில் வந்ததோடு நிறுத்த அவரால் முடியாது. சாப்பிட உட்கார்ந்ததும் அந்த உறைப் பொடியில் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஒரு படை, கொள்ளைநோயில் செத்தவர்களின் உடல்களைக் கோட்டைச் சுவருக்கு மேலாக ஊருக்குள் வீசியதாம். முதல் உலகப் போரில் குளோரின் உருளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, காற்று எதிரிப் பக்கம் வீசுவதற்காகக் காத்திருந்தார்களாம். காற்று திரும்பினால் திறந்துவிட்டவனுக்கும் அதே கதிதான் என்றார்.

“சாப்பிடுத நேரத்துல பிணத்தைப் பத்திப் பேசணுமாக்கும்?” என்றாள் அம்மா.

“எதிர்ல வந்து நிக்கத் துப்பில்லாத பயலுவ,” என்று பெரியம்மா மோர் ஊற்றிக்கொண்டே எல்லாப் படைகளையும் தீர்த்துவிட்டாள். இத்தனை போர்களைத் தெரிந்த அப்பாவுக்கு, பத்து நாள் முன்னால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி கிளம்பிப் போனது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தபோது பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் சொன்னதை அப்பா அம்மாவிடம் சொன்னார், நானும் கேட்டேன். உறை வழியில் கிழிந்து, அவன் குடியிருந்த கட்டடத்தின் தபால் பெட்டிகளுக்குக் கீழே விபூதி கொட்டிக் கிடந்திருக்கிறது. கட்டடத்தையே காலி செய்துவிட்டார்கள். முகமூடி போட்ட ஆட்கள் அண்ணனை வாசலில் நிறுத்தி, உடுப்பைக் களையச் சொல்லி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். பொடியைச் சோதிக்கும் வரை இரண்டு நாள் விசாரணை. வெறும் சாம்பல் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். அண்ணன் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னானாம். அப்பா சிரிக்கவில்லை. எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது சித்தப்பா, தன் கையால் வைத்ததுதான் என்று தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது என்று கடைசியாகக் கேட்டுக்கொண்டானாம்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “ஏட்டி, பெரியம்மா வழக்கம்போல வைக்கட்டும். நீ தபாலாபீஸ்ல வச்சு அதைப் பைய எடுத்துரு. மூச்சு விடக் கூடாது, என்ன?”

அந்த மாதக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததை என்ன செய்வது என்று அப்பா சொல்லவில்லை. விபூதியைக் கீழே போடக் கூடாது, கால் படும். தபால் நிலைய வராந்தாவில் நின்று நெற்றி முழுக்க இட்டேன். தீரவில்லை. கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் பூசினேன். மிஞ்சியது காதுகளுக்குப் பின்னால் போனது.

பெரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“ஏட்டி, இது என்ன கோலம்?”

“வழியில பிள்ளையார் கோயிலுக்குப் போனேன் பெரியம்மா.”

“பிள்ளையாருக்கு ஏதாவது மிச்சம் வச்சியா?”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அருகே அழைத்து, என் இமையில் உதிர்ந்திருந்ததை முந்தானையால் துடைத்தாள். கடிதம் போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். கீரையைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பல் வலி என்றாள். நான் ஓடிப்போய்க் கிராம்பு வாங்கி வந்து கொடுத்தேன்.

அடுத்த மாதமும் கடிதத்துக்கு வாசகம் சொன்னாள். விபூதியும் மடித்து வைத்தாள். தபால் நிலையத்தில் பிரித்தால் ஒரு சிட்டிகைதான் இருந்தது. என் நெற்றிக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் அதே அளவு. கோயிலில் இப்போதெல்லாம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெரியவர்களின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீட்டுக்கு நடப்பேன்.