மாதா நின்ற வீடு
நாகர்கோவிலிலிருந்து மறைப்பணிக்கு வந்த எனக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அது முதல் ஒக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபம் தினமும் ஒரு வீட்டில் தங்கும். செபமாலை முடிந்ததும் அந்த வீட்டார் எல்லோருக்கும் கடலை கொடுப்பார்கள். மறுநாள் அவர்களே சுரூபத்தை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்வார்கள். ஒரு வீட்டில் அது நின்றுவிட்டது.

“பக்கத்து வீட்டுக்காரியோட எனக்குக் கதையில்லை, பிரதர். அவட வாசலை மிதிக்க மாட்டன். நீங்களே தூக்கிக்கொண்டு போங்கோ,” என்றார் வீட்டுக்காரி.

நான் தூக்கிப்போனால் அந்தக் கோபம் அடுத்த ஒக்டோபர்வரை இருக்கும்.

“வேண்டாம்க்கா. மாசம் முடியுறவரைக்கும் மாதா இங்கயே இருக்கட்டும். நாங்க எல்லாரும் தினமும் இங்கயே வாறோம்.”

“முழுத் தெருவுக்கும் ஒவ்வொரு நாளும் நானா கடலை அவிக்கிறது?”

பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது: “இங்க அவிச்சாச்சு, அக்கா. ஆறமுன்னம் கொண்டு வாங்கோ.”

அவர் சுரூபத்தைத் தூக்கி அந்த வாசலை மிதித்தார். செபமாலை முடிந்ததும் கடலையை வாயில் போட்டு, “உப்புக் காணாது,” என்று பக்கத்து வீட்டுக்காரியிடமே சொன்னார்.